கானகம் காத்தோர் வரலாறும் செவிலி இரங்கலும்

தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் 1985ஆம் ஆண்டு முதல் உயிரியல் பூங்கா இயங்கி வருகின்றது. சென்னையின் தென்புறத்தே வாழ்வார்க்கு யானையும் புலியும் பெரும்பாலும் வேலிக்கு இப்பால் நின்று காணும் பொருள்களே. காட்டுயிர் காத்தோர் வாழ்க்கையைக் கூறும் திரைப்படங்கள் இவ்வேலியைக் கடக்கின்றனவா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருளாகும்.

மைக்கேல் ஆப்டெட் இயக்கிய 'கொரில்லாஸ் இன் த மிஸ்ட்' 1988இல் வெளிவந்தது. ருவாண்டா நாட்டு மலைகளில் 1967இல் கரிசோக் ஆய்வு நிலையத்தை நிறுவி, 1985இல் கொலையுண்ட டயான் ஃபாசியின் வாழ்வே அதன் கதை. அவராக நடித்த சிகூர்னி வீவரின் நடிப்புச் சிறந்ததே. விலங்கு வாணிகத்தின் கொடுமையை மறையாது காட்டுதலும் அப்படத்தின் சிறப்பு. ஆயினும், டிஜிட் என்னும் கொரில்லா கொல்லப்படும்போது துயரம் முழுவதும் ஃபாசி ஒருவர்க்கே உரியதாகின்றது. அம்மலையிலே பிறந்து வாழும் மக்களோ வழிகாட்டுவாராகவும் வேட்டையாடுவாராகவுமே பெரிதும் தோன்றுகின்றனர்.

தமிழ் மரபு இதனின் வேறானது. நிலமக்கள் கருப்பொருளுள் எண்ணப்படினும், அவருள்ளிருந்தே தலைமக்களும் தோன்றுவர். உரிப்பொருள் அவர்க்கும் உரியது. மேற்கூறிய படத்திலோ உரிப்பொருள் வந்தவர்க்கே உரியதாக, வாழ்பவர் கருப்பொருளாகவே நின்றுவிடுகின்றனர்.

கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' நாடகப் படம் அன்று. 2022இல் வெளிவந்து, 2023இல் ஆஸ்கர் பரிசு பெற்ற குறும் ஆவணப்படம். முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில், காட்டுநாயக்கர் குடியினரான பொம்மனும் பெள்ளியும் ரகு என்னும் கன்றை வளர்க்கின்றனர். கன்றின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது. பெள்ளியோ தம் மகளை இழந்தவர். ஈன்றாள் இல்லாத கன்றுக்கு மகவிழந்த ஒருவர் செவிலியாகின்றார். பின்னர் ரகு பிறர் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகின்றது. அப்போது பெள்ளி உறும் துயரைச் செவிலி இரங்கல் எனக் கூறுதல் பொருந்தும். குறிஞ்சி நிலத்திலே பாலைக்குரிய பிரிவு நிகழ்கின்றது.

அகப்பாடலில் செவிலியைப் பிரிபவள் தன் விருப்பால் உடன்போக்கு மேற்கொண்டவள். ஈண்டு நிகழ்வதோ அலுவலர் ஆணையால் நேர்ந்த பிரிவு. எனவே ஒப்புமை பொருந்தாது என்பார் உளராகலாம். வேறுபாடு உண்மையே. அவ்வேறுபாடே இப்படத்தின் குறையையும் காட்டுகின்றது. உடன்போக்கிற்குக் காரணம் காதல் என்பதை அகப்பாடல் உணர்த்தும். வளர்த்தவரிடமிருந்து கன்றைப் பிரித்ததன் காரணத்தை இப்படம் ஆழ்ந்து வினவவில்லை. பிரிவின் துயரைக் காட்டி அமைகின்றது. தாய் யானையைக் கொன்ற மின்சாரத்தைப் பற்றியும் அது மேலும் ஆராயவில்லை. அழகிய காட்சிகள் இவ்வினாக்களை மறைத்துவிடுகின்றன.

ஆகவே, முன்னைய படத்தில் பகை விளங்குகின்றது; நிலமக்கள் நெஞ்சம் விளங்கவில்லை. பின்னையதில் நெஞ்சம் விளங்குகின்றது. துயரின் காரணம் விளங்கவில்லை. எனினும் வேலியைக் கடந்தது பின்னையதே என்பது எம் கருத்து.

நன்மங்கலம் காப்புக்காடும், 2022இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் தாம்பரத்திற்கு அணித்தே உள்ளன. அவற்றின் வரலாற்றை எழுதவோ படமாக்கவோ புகுவார், காத்தவர் யார் என வினவுவதோடு அமையாது, அந்நிலம் அழியுங்கால் இரங்குவார் யார், அழிவின் காரணம் யாது என்பனவற்றையும் வினவுதல் வேண்டும்.