கோத்தியே கண்ட அம்மணி

1838ஆம் ஆண்டில், கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கோயிலைச் சார்ந்த தேவரடியார் ஐவரும் இசைவாணர் மூவரும் பிரெஞ்சு நாடு சென்றனர். தார்திவேல் என்னும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்து அவர்களை அழைத்துச் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் பாரிசு நகரத்து வரியேத்தே அரங்கிலும், அக்டோபர்த் திங்களில் இலண்டன் அடெல்பி அரங்கிலும் அவர்கள் ஆடினர். அவர்களைப்பற்றித் தியோபில் கோத்தியே என்னும் பிரெஞ்சுக் கவிஞர் 'லா பிரெஸ்' இதழில் எழுதிய கட்டுரை இன்றும் பலரால் எடுத்தாளப்படுகின்றது. அதனைத் தமிழாடல் வரலாற்றுக்கு எத்துணை அளவில் சான்றாகக் கொள்ளலாம் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் கோத்தியேயின் நிறையைக் கூறுதல் முறையாகும். அவர் வந்தவர்களை எள்ளி எழுதினாரல்லர். அம்மணியின் உறுப்பமைதியையும் அணிகலன்களையும் கண்ணசைவையும் ஓவியன்போல் நுணுகி நோக்கினார், வியந்து போற்றினார். அக்காலத்து உடை, அணி ஆகியவற்றை அறிய விழைவார்க்கு அவர் எழுத்துப் பயன்படும் என்பதில் ஐயமில்லை.

எனினும் அவர் திறந்த மனத்தோடு சென்று கண்டார் என்று கொள்ளுதற்கில்லை. கெதே 1797இல் இயற்றிய கதைப்பாடல் ஒன்றும், அதன் வழிப்பிறந்து 1830இல் பாரிசில் அரங்கேறிய இசைநாடகமும் 'பயாதேர்' என்னும் ஆடன்மகளை ஐரோப்பியர் உள்ளத்தில் முன்னரே படைத்துவிட்டன. அச்சொல்லும் ஆடுபவள் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபே. ஆதலின், கோத்தியே அம்மணியைக் காணுமுன்னரே அவளைப்பற்றிய கனவு ஒன்றை உடையராயிருந்தார். அக்கனவு மெய்யாயிற்றா என்பதே அவர் கட்டுரையின் உள்ளீடு. அவர் அவள் மேனியை வெண்கலத்திற்கு ஒப்பிட்டார். அதே ஆண்டில் பார் என்னும் சிற்பி அவள் உருவை வெண்கலத்திலேயே வார்த்தார். சொல்லிலும் உலோகத்திலும் அவள் காட்சிப்பொருளாயினாள்.

அபிநயம் சொல்லைப் பற்றி நிற்பது. பதத்தின் ஒரு தொடர் மீண்டும் மீண்டும் பாடப்பெறுங்கால், ஒவ்வொரு முறையும் கையும் கண்ணும் வேறு வேறு பொருள் விரிப்பன. பாட்டின் மொழியறியாதார் கை அசைவதைக் காண்பர். அது விரிக்கும் பொருளைக் காணார். கோத்தியே கண்டது ஆடலின் பாதியே. அவர்தம் புகழுரையின் மிகுதி இக்குறையை மறைத்தற்குப் போதாது.

அங்ஙனமாயின் நாம் கொள்ளத்தக்க சான்று யாதோ எனின், பிரெஞ்சு ஏடுகள் சிதைத்தெழுதிய பெயர்களே என்போம். 'ராம்கூன்', 'சௌந்திரூன்', 'வேதூன்' என்னும் மூன்றும் ஒரே ஈற்றைப் பெற்றிருத்தல் கருதற்பாலது. அம் ஈறு அயலார் செவியில் அவ்வாறு திரிந்ததெனக் கொள்ளின், ரங்கம், சௌந்தரம், வேதம் என்னும் இயற்பெயர்கள் மீள்கின்றன. மூத்தவள் தில்லையம்மாள். இசைவாணருள் ஒருவர் பெயர் தேவநாயகம். இது திருவயிந்திரபுரத்துப் பெருமாளின் திருப்பெயரேயாகலின், ஊரையும் உறுதிசெய்கின்றது. ஆயினும், ஆடிய உருப்படிகளுள் ஒன்றாகிய 'மலாப்பு' என்பதை ஒலியொப்புமை ஒன்றே கொண்டு 'மலைப்பு' எனத் துணிதல் கூடாது. பெயர்களுக்கு ஒத்த திரிபுகள் துணைநிற்கின்றன. இதற்கு அத்தகைய துணை இல்லை.

இந்நிலை திருவயிந்திரபுரத்தார்க்கே உரியதன்று. 1827இல் வட அமெரிக்கத் தொல்குடியினராகிய ஓசேஜ் மக்கள் அறுவர் பிரெஞ்சு நாட்டில் இறங்கினர். கூட்டம் திரண்டு அவர்களைக் கண்டது. அழைத்துச் சென்றவர் கடன்பட்டுச் சிறைப்படவே, அவர்கள் பொருளின்றி ஊர்தோறும் அலைந்தனர். அவர்களையும் ஓவியர் வரைந்தனர், ஏடுகள் எழுதின. இரு திறத்தார் வரலாறும் கண்டவர் கூற்றாகவே நமக்குப் பெரிதும் கிடைக்கின்றது.

எனவே, கோத்தியேயின் கட்டுரை கோத்தியேயைப்பற்றிய நல்ல சான்று. பாரிசு நகரத்துச் சுவையுணர்வைப்பற்றிய சிறந்த சான்று. அம்மணியின் கலைக்கு அது அரைச்சான்றேயாம். எஞ்சிய பாதியைப் பதங்களின் பாடங்களிலும், நட்டுவனார் மரபிலும், கோயில் வழக்கங்களிலும் தேடுதல் வேண்டும். புகழப்பட்டோம் என்னும் மகிழ்ச்சியில் அத்தேடலைக் கைவிடுவோமாயின், அம்மணியை நாமும் அயலார் கண்கொண்டே காண்பவராவோம்.