முலாம்பழத்தை மோந்து பார்ப்பவர்கள்

2025 கத்தோலிக்கத் திருச்சபைக்கு யூபிலி ஆண்டு. எங்கள் டீமில் ஒரு நண்பர், குறிப்பிட்ட கோவிலுக்குத் திருப்பயணம் போனால் பரிபூரண பலன் கிடைக்கும் என்று மதிய சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஜெபம். "இதெல்லாம் பண்ணிடலாங்க. இன்னொண்ணு இருக்கு, அதுதான் யாராலயும் ஆகாது" என்று சிரித்தார். எந்தப் பாவத்தின் மேலும், அற்பப் பாவத்தின் மேலும்கூட, துளியும் பற்று இருக்கக் கூடாதாம்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். சரிதான். 1967-இல் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆவணத்தில் அந்த நிபந்தனை அப்படியே இருக்கிறது. அது நிறைவேறாவிட்டால் கிடைப்பது பகுதிப் பலன்தான். என் மாதிரி கோடு எழுதுகிறவனுக்கு இது விசித்திரமாகப் பட்டது. மூன்று நிபந்தனைகளை வெளியிலிருந்து சோதிக்கலாம், நாலாவதைச் சம்பந்தப்பட்ட ஆளே சோதிக்க முடியாது. இப்படி ஒரு விதியை யார், எதற்காக எழுதுவார்கள்?

நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனால் ஆறு வருடம் சலேசிய சபை நடத்திய பள்ளியில் படித்தவன். டான் போஸ்கோ தன் சபைக்கு யாருடைய பெயரை வைத்தாரோ அந்தப் பிரான்சிஸ் சலேசியாரின் புத்தகம்தான் இந்தக் கேள்விக்குச் சரியான வாசல் என்று தெரிந்ததும் ஒரு சின்ன சந்தோஷம். பள்ளியில் அவர் படத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஒரு வரி படித்ததில்லை.

சலேசியார் ஜெனீவாவின் ஆயர். ஆனால் ஜெனீவா அப்போது கால்வினியர் கையில் இருந்ததால் ஆன்னசி என்ற ஊரில் இருந்துகொண்டு மறைமாவட்டத்தை நடத்தினார். உறவுக்காரப் பெண் ஒருவருக்கு எழுதிய அறிவுரைகளை விரித்து 1609-இல் 'பக்தி வாழ்வுக்கு அறிமுகம்' என்ற நூலாக்கினார். கடவுளை நேசிப்பவள் என்று பொருள்படும் 'பிலோத்தேயா' என்ற பெயரை வைத்து அவளோடு பேசுவது போலவே நூல் முழுக்கப் போகும். மடத்துக்குப் போகாமல் குடும்பம், தொழில், அரண்மனை என்று இருப்பவர்களுக்கு எழுதியது. அதனால்தான் நானூறு வருடம் கழித்தும் என்னால் படிக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஐந்து பாகங்களில் முதல் பாகம்தான் நம் விஷயம். முதலில் சாவான பாவத்தைக் கழுவு, பிறகு அதன் மேலுள்ள பற்றைக் கழுவு என்று இரண்டாகப் பிரிக்கிறார். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு நோயாளி வருகிறார். முலாம்பழம் சாப்பிட்டால் செத்துப்போவாய் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவரும் சாப்பிடவில்லை. ஆனால் எப்போதும் அந்தப் பேச்சுதான். கொஞ்சம் சாப்பிட்டால் என்ன என்று பேரம் பேசுவார், ஒருதரம் மோந்தாவது பார்க்கிறேன் என்பார், சாப்பிடக் கொடுத்துவைத்தவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பாவத்தை விட்டவர்களில் பலர் இப்படித்தான் விட்டிருக்கிறார்கள் என்கிறார் சலேசியார்.

சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிற எந்த வீட்டிலும் இந்த ஆளைப் பார்க்கலாம். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த உதாரணத்தில் சிரிப்பு நின்றது. பழிவாங்க நினைத்த ஒருவன் மனம் மாறி, வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். கொஞ்ச நாளில் பார்த்தால் நண்பர்கள் நடுவே உட்கார்ந்து அதே சண்டையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறான். கடவுளுக்குப் பயந்து விட்டேன், இல்லாவிட்டால் இன்னது செய்திருப்பேன் என்கிறான்.

இது நான். ஊரில் இருந்த வீடு சம்பந்தமாக எனக்கும் அண்ணனுக்கும் வழக்கு. ஐந்து வருடம் முன்னால் நானே வாபஸ் வாங்கினேன். எல்லோரும் பெருந்தன்மை என்றார்கள். அதற்குப் பிறகு இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று என் மனைவிக்குத்தான் கணக்குத் தெரியும். "போகட்டும்னு விட்டுட்டேன், கேஸ நடத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று முடிப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு ருசி. வழக்கைத்தான் வாபஸ் வாங்கினேன், பழத்தை மோந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் சலேசியாரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். செயலையும் பற்றையும் பிரித்துக் காட்டுவதில் அவர் கண் அசாத்தியமானது. இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அற்பப் பாவத்துக்கு வரும்போது சிலந்தி உதாரணம் சொல்கிறார். சிலந்தி தேனீயைக் கொல்லாது. ஆனால் கூட்டிலேயே தங்கிவிட்டால் தேன் கெடும், அடைமுழுக்க வலை பின்னும், தேனீயால் வேலை செய்ய முடியாது. வாய்தவறி ஒரு சின்னப் பொய் வருவது வேறு, சின்னப் பொய் சொல்லும் சௌகரியத்தை விட மனசில்லாமல் வைத்துக்கொள்வது வேறு. யூபிலி நிபந்தனையும் இதைத்தான் கேட்கிறது. இனிமேல் தவறவே மாட்டாயா என்ற உத்தரவாதத்தைக் கேட்கவில்லை, எதையாவது விடாமல் பிடித்துவைத்திருக்கிறாயா என்று கேட்கிறது. நண்பர் சொன்ன அளவுக்கு அது நடக்காத காரியம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஒப்பாத இடம் மருந்தில் வருகிறது. பற்றைப் போக்கப் பத்துத் தியானங்கள் தருகிறார்: படைப்பு, மனிதன் படைக்கப்பட்ட நோக்கம், கடவுளின் நன்மைகள், பாவம், மரணம், தீர்ப்பு, நரகம், மோட்சம் என்று போகும். பாவத்தின் கேட்டை ஆழமாக உணர்ந்தால் மனஸ்தாபம் பலமாகும், பலமான மனஸ்தாபம் பற்றையும் சேர்த்துக் கழுவும் என்பது அவர் கணக்கு. அதற்கு உதாரணமாக எடுப்பது வெறுப்பை. லேசான பகை என்றால் அந்த ஆளை மட்டும் தவிர்ப்போம். கடும்பகை என்றால் அவன் சொந்தக்காரர், அவன் படம் எதுவுமே கண்ணில் படக் கூடாது. பாவத்தையும் அப்படி வெறு என்கிறார்.

ஆனால் பழிவாங்காமல் விட்டவனைத் தடுத்ததே கடவுள் பயம்தான் என்று முந்தின அத்தியாயத்தில் அவரே சொல்லிவிட்டாரே. பயம் கையைக் கட்டியது, நாக்கின் ருசி அப்படியே இருந்தது. அதே ஆளிடம் நரகத்தைத் தியானி என்றால் கட்டு இன்னும் இறுகும், ருசி எப்படிப் போகும்? நன்மைகள் பற்றிய தியானம் ஒருவேளை உதவலாம். பத்துத் தியானங்களும் ஒரே எடையில் வருவது எனக்குக் குறையாகவே படுகிறது.

இன்னொரு குறை நூலின் அடுக்கில். முலாம்பழ அத்தியாயத்தை மட்டும் படிக்கிறவர், ஆசை எழுவதே குற்றம் என்று பயந்துவிடுவார். அதற்கான பதில் நான்காம் பாகத்தில் இருக்கிறது, நடுவில் இரண்டு முழுப் பாகங்கள்! அங்கே ஒரு இளவரசியிடம் கெட்டவன் ஒருவன் தூது அனுப்புகிறான். தூது வருவது சோதனை, அதைக் கேட்டு மகிழ்வது இன்பம், சரி என்பது சம்மதம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். சோதனை ஆயுள் முழுக்க நீடித்தாலும், அதில் மகிழ்ந்து சம்மதிக்காதவரை பாவமில்லை. உணர்வது வேறு, சம்மதிப்பது வேறு. இந்தப் பகுதியை ஏழாம் அத்தியாயத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பேன்.

அகுஸ்தினார் இதில் இன்னும் நேர்மையானவர் என்று தோன்றுகிறது. 'கன்ஃபெஷன்ஸ்' எட்டாம் புத்தகத்தில் பழைய ஆசைகள் அவர் ஆடையைப் பிடித்து இழுக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதோடு அவர் நிறுத்தவில்லை. பத்தாம் புத்தகத்தில், ஆயரான பிறகும், பழைய பிம்பங்கள் கனவில் வருகின்றன, விழித்திருக்கும்போது இல்லாத பலம் அவற்றுக்குக் கனவில் இருக்கிறது என்று எழுதிவிடுகிறார். சலேசியாரிடம் இப்படிச் சொந்த வாக்குமூலம் கிடைக்காது. அவர் எழுதியது வழிகாட்டி நூல், இவர் எழுதியது வாழ்க்கை. வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

சலேசியாரின் உண்மையான மருந்து மூன்றாம் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. நம்மிடமே நாம் சாந்தமாக இருப்பது பற்றிய சின்ன அத்தியாயம். தவறி விழுந்த மனசைத் திட்டி நொறுக்காதே, பரிவோடு தட்டிக்கொடுத்து எழுப்பு என்கிறார். தன் மேல் வரும் கோபமும் கர்வத்திலிருந்துதான் வருகிறது என்று பார்க்கிறார். கடும்பகை உதாரணம் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. முதல் பாகத்தைவிட இந்த இரண்டு மூன்று பக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் பழைய சிநேகிதர் ஒருவர், "அப்புறம் உங்க வீட்டுக் கேஸ் என்னாச்சு?" என்று ஆரம்பித்தார். "முடிஞ்சிருச்சுண்ணே" என்றேன். மேலே சொல்ல ஏழெட்டு வாக்கியம் தயாராக நின்றது. பந்திக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டோம். பந்தி மட்டும் அரைமணி தாமதமாகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.