கொசுறாகக் கேட்ட எட்டு ஆண்டுகள்

2026, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு. ‘ஹாமில்டன்’ இசை நாடகம் 2016இல் புலிட்சர் பரிசு வாங்கியதிலிருந்தே அந்நாட்டின் நிறுவனர்களைக் கொண்டாடுவது மோஸ்தராகிவிட்டது. அதோடு பழைய வாதம் ஒன்றும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது: 1787இல் பிலடெல்பியாவில் அரசமைப்பை எழுதக் கூடியபோது அடிமை முறையோடு சமரசம் செய்யாவிட்டால் தென் மாநிலங்கள் விலகியிருக்கும், நாடே பிறந்திருக்காது, ஆகவே அது அரசியல் ஞானம்.

அங்கே கூடியவர்களின் சாதனையை மறுப்பதற்கில்லை. வரி போடும் அதிகாரம்கூட இல்லாத பழைய கூட்டமைப்பு, கடனில் மூழ்கிய மாசசூசெட்ஸ் விவசாயிகள் ஷேஸ் என்பவரின் தலைமையில் கிளர்ந்தபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அதன் இடத்தில் நான்கே மாதத்தில் ஓர் அரசை வகுத்தார்கள். போரில் வென்ற தளபதி எட்டு ஆண்டுகள் ஆண்டுவிட்டு, தானாகவே பதவியை விட்டு ஊர் திரும்பினார். பெரிய விஷயம்தான்.

ஆனால் ‘வேறு வழியில்லை’ என்பதை மட்டும் என்னால் என்றைக்கும் ஏற்க முடிந்ததில்லை. கூட்டத்தில் பங்கேற்ற மாடிசன் எழுதிவைத்த குறிப்புகளிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. அடிமை வணிகத்தில் கைவைத்தால் சேர மாட்டோம் என்று தென் கரோலைனாக்காரர்கள் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மிரட்டியது உண்மை. விவகாரம் ஒரு குழுவிடம் போயிற்று. 1800 வரை காங்கிரஸ் அவ்வணிகத்தைத் தடுக்கக் கூடாது என்று குழு 24ஆம் தேதி பரிந்துரைத்தது. சமரசம் என்றால் அதுதான் சமரசம். மறுநாள் தென் கரோலைனாவின் பின்க்னி எழுந்து 1800 வேண்டாம், 1808 ஆக்குங்கள் என்றார். கொசுறு! வழிமொழிந்தவர் யார்? மாசசூசெட்ஸின் நத்தேனியல் கோரம்; நீதிமன்றமே அடிமை முறைக்கு முடிவுகட்டியிருந்த மாநிலத்தின் பிரதிநிதி. இருபது ஆண்டுகளில் எவ்வளவு கேடு விளையுமோ அவ்வளவும் விளைந்துவிடும் என்று மாடிசன் எச்சரித்தும் ஏழுக்கு நான்கு என்று நிறைவேறியது. நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மூன்றும் தெற்கோடு வாக்களித்தன. அவை எதிர்த்திருந்தால் திருத்தம் தோற்றிருக்கும். (எதிர்த்த நான்கில் வர்ஜீனியாவும் ஒன்று. அதனிடம் விற்பதற்கு அடிமைகள் மிச்சம் இருந்தார்கள்; அந்த எதிர்ப்பில் அறம் எவ்வளவு, வியாபாரக் கணக்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.)

அந்த எட்டு ஆண்டுகளுக்காக யாரும் வெளியேறப் போவதாகச் சொன்னதாகக் குறிப்பு இல்லை. பிறகு ஏன் கொடுத்தார்கள்? நான்கு நாளில் விடை வந்தது. கப்பல் வணிகச் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனை வடகிழக்கின் கப்பல் முதலாளிகளுக்கு இடைஞ்சல். 29ஆம் தேதி அது கைவிடப்பட்டது. வடகிழக்கு மாநிலங்கள் தென் கரோலைனாவிடம் தாராளமாக நடந்துகொண்டதைப் பின்க்னியே எழுந்து காரணமாகச் சொன்னார். அன்றைக்கே, தப்பியோடும் அடிமையைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் ஓர் எதிர்ப்பு வாக்குக்கூட இல்லாமல் நிறைவேறியது. இது பேரம். பேரத்துக்கு ஞானம் என்று பெயர் சூட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

‘அந்தக் காலத்து மனிதர்கள்’ என்ற சால்ஜாப்பும் எடுபடாது. வெர்மான்ட் 1777இலேயே தன் அரசமைப்பில் அடிமை முறையை விலக்கியது. கூட்டம் நடந்த பென்சில்வேனியாவே 1780இல் அதைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்டிருந்தது. அதே பென்சில்வேனியாவுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாட்டால், 1804 குடியரசுத் தலைவர் தேர்தலில் அதற்கு 20 தேர்வாளர்கள், வர்ஜீனியாவுக்கு 24. 1800 கணக்கெடுப்பின்படி அடிமையல்லாத மக்கள் பென்சில்வேனியாவில் சுமார் ஆறு லட்சம். வர்ஜீனியாவில் ஐந்தரை லட்சம்கூட இல்லை. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியர்களே குடியரசுத் தலைவர்கள்.

எப்படியும் 1808இல் தடை வந்ததே என்பார்கள். வந்தது, அந்த ஆண்டின் முதல் நாளிலேயே. தென் கரோலைனாவுக்கும் அது தெரியும். அதனால்தான் தானே மூடிவைத்திருந்த அடிமை இறக்குமதியை 1803 இறுதியில் மறுபடி திறந்தது. தடைக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 40,000 பேர். குழு சொன்ன 1800 நிலைத்திருந்தால், அந்தக் கப்பல்களைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரஸின் கையில் இருந்திருக்கும்.