போங்கு என்று கத்த முடியாத ஆட்டம்: மொபைல் சொற்களும் ஆலைச் சொற்களும்

1

ஒரு சொல் வேற்று மொழியிலிருந்து தனியாக வந்து சேர்வதில்லை. யார் கட்டளையிடுவது, யார் கீழ்ப்படிவது, யார் கணக்கு வைத்துக்கொள்வது என்கிற ஒழுங்கையும் சேர்த்தே இழுத்து வருகிறது. நமது தனித்தமிழ் விவாதங்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொண்டதில்லை. 'வீடியோ கேம்' என்பதை 'நிகழ்பட ஆட்டம்' ஆக்கிவிட்டால் மொழி தப்பித்தது என்று ஒரு நம்பிக்கை. 'டார்கெட்'டை அழித்து 'இலக்கு' என்று எழுதி லைனுக்கு மேல் தொங்கவிட்டால், மணிக்கு இத்தனை பீஸ் என்கிற கணக்கில் ஒன்றாவது குறையுமா? குறையாது. எனவே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி ஆங்கிலமா தமிழா என்பதல்ல. இந்தச் சொற்கள் யார் வாயில், எந்த இடத்தில், என்ன வேலை செய்கின்றன என்பதுதான்.

ஒரு குறிப்பிட்ட இடத்தை வைத்தே பேசுவோம். பென்னலூர், சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. 1985இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி ஒன்று இங்கே உண்டு. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் மோட்டார் பந்தயத் தடம். அதே ஊரில் 1998 முதல் ஹூண்டாய் கார் உற்பத்தி. மேற்கே சுங்குவார்சத்திரம், தெற்கே ஒரகடம். இந்த வட்டாரத்து வாடகை அறைகளில் தென்மாவட்டத்துப் பையனும் பீகார், ஒடிசாப் பையன்களும் ஷிப்ட் முடிந்து வந்து மொபைலைக் கையில் எடுக்கிறார்கள். 'ஸ்குவாட்', 'லாபி', 'லூட்', 'கவர் குடு', 'நாக் ஆயிட்டேன்', 'ரிவைவ் பண்ணு'. இவை இந்த அறைகளின் பொதுமொழி. தமிழ் தெரியாதவனும் இந்தி தெரியாதவனும் ஒரே குழுவாக நின்று சுட இந்த முப்பது நாற்பது ஆங்கிலச் சொற்கள் போதும். நமது துண்டுப் பிரசுரங்களால் இன்னும் சாதிக்க முடியாத ஒரு காரியம் இது. இளக்காரமாகப் பார்க்க ஒன்றுமில்லை.

2

இப்போது இன்னொரு பட்டியல்: டார்கெட், லெவல், ஸ்கோர், பாயிண்ட், ரேங்க், டீம், லீடர், மிஷன், பாஸ். இவற்றில் எது மொபைலிலிருந்து லைனுக்குப் போனது, எது லைனிலிருந்து மொபைலுக்கு வந்தது என்று பிரிக்க முடியுமா? முடியாது. ஸ்குவாடும் மிஷனும் ராணுவத்தின் சொற்கள். ஸ்கோரும் டீமும் விளையாட்டு மைதானத்துடையவை. மேலாண்மைச் சொல்லாடல் இரண்டையும் அள்ளிக்கொண்டது. ஆகவே கேம் நம் பையன்களைக் கெடுத்துவிட்டது என்கிற ஒழுக்கவாதப் புலம்பல் பாதி உண்மையைக்கூடத் தொடுவதில்லை. பகலில் லைனில் பழகிய இலக்கணத்தையே அவன் இரவில் மொபைலில் ஆடுகிறான். ஒரு வித்தியாசம்: அங்கே ஜெயித்தால் ஜெயித்தது அவனுக்கே.

2025இல் மறைந்த சமூகவியலாளர் மைக்கேல் புராவாய் 1970களில் சிகாகோ பக்கம் ஓர் இயந்திர ஆலையில் தொழிலாளியாக வேலை பார்த்தார். அந்த அனுபவத்திலிருந்து 1979இல் எழுதிய நூலில் அவர் கேட்ட கேள்வி முக்கியமானது. தொழிலாளி ஏன் உழைக்க மறுக்கிறான் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, ஏன் இவ்வளவு மும்முரமாக உழைக்கிறான் என்று அவர் கேட்டார். ஆலைக்குள் கோட்டாவை எட்டிப் பிடிப்பதே ஒரு ஆட்டமாகிவிடுகிறது, நேரம் போகிறது, சக ஆளோடு போட்டி சூடு பிடிக்கிறது. ஆடிக்கொண்டே ஆட்டத்தின் விதிகளைக் கேள்வி கேட்க முடியாது. ஆடுவதே விதிகளுக்குத் தரும் சம்மதம். இதுதான் அவர் கண்டது. அங்கே அந்த ஆட்டத்தைத் தொழிலாளர்களே உண்டாக்கிக் கொண்டார்கள். இன்று நிர்வாகமே அதைத் தயாரித்துக் கொடுக்கிறது. அமேசான் கிடங்குகளில் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலையையே திரையில் கார்ப் பந்தயமாக மாற்றி ஓடவிட்டிருப்பது 2019இல் செய்தியானது. கை எடுப்பது பெட்டியை. திரையில் ஓடுவது கார்.

3

சொற்களை விட்டு இலக்கணத்துக்கு வருவோம். ஆங்கிலச் சொல் தமிழுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு: 'பண்ணு', 'ஆகு'. 'ரெண்டு பேரை நாக் பண்ணேன்' என்பதில் செய்தவன் இருக்கிறான். 'நாக் ஆயிட்டேன்' என்பதில் செய்தவன் மறைந்து போகிறான். ஆனால் கேமில் இந்த மறைவு நீடிக்காது. பப்ஜி மாதிரியான ஆட்டத்தில் யார், யாரை, எந்தத் துப்பாக்கியால் வீழ்த்தினார் என்பது திரையின் மூலையில் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆலைப் பேச்சைக் கவனியுங்கள். 'டெர்மினேட் ஆயிட்டான்.' 'பிரேக் ஆயிடுச்சு.' 'கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு.' எல்லாமே மழை பெய்வது போலத் தானாக நடக்கின்றன. அனுப்பியது முதலாளியா, ஏஜென்ட்டா, ஹெச்.ஆரா? வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, ஆனால் அது வேலை போனவன் மட்டுமே. போக்கியது யார் என்று காட்ட இங்கே திரையின் மூலை கிடையாது.

இதே மண்ணில் ஒரு உதாரணம். 1997இல் நோக்கியா 6110 போனோடு வந்தது 'ஸ்நேக்'. நம்மில் பலர் முதன்முதலில் ஆடிய மொபைல் ஆட்டம் அதுதான். அதில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. பாம்பு தின்னத் தின்ன நீளும்; நீள நீளத் தன் வாலிலேயே முட்டும்; மிஞ்சுவது ஸ்கோர் மட்டும். நோக்கியாவின் ஆலை 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் 'விருப்ப ஓய்வு' பெற்றிருந்தார்கள். யாருடைய விருப்பம்? வரித் தகராறு, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியதில் இந்த ஆலை விடுபட்டது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. போனை மாட்டிக் கொடுத்த பெண்களின் கணக்கில் அது 'கம்பெனி மூடிடுச்சு' என்கிற தன்வினையாக மட்டுமே எஞ்சியது.

4

அடுத்த சொல், 'ஸ்கில்'. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுத் தற்கொலைகள் நிகழ்ந்த பின்னணியில், நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, தமிழக அரசு 2022இல் சட்டம் கொண்டு வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து விலக்கியது. காரணம், அவை 'ஸ்கில்' ஆட்டங்கள். இது புதிய வாதமல்ல. 1996இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் குதிரைப் பந்தயமும் திறன் ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ('பந்தயம்' என்றால் ஓட்டமும்தான், பணம் கட்டுவதும்தான். தமிழ் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை.) 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடினால் திறனா அதிர்ஷ்டமா என்று பாராமல் தடை என்றது.

நாம் கவனிக்க வேண்டியது தீர்ப்பின் சரி தவறை அல்ல. சீட்டைப் பார்த்து முடிவெடுப்பதில் திறனைக் கண்டுபிடிக்கச் சட்டத்துக்கு முடிகிறது. குறைந்தபட்சக் கூலிப் பட்டியலோ உழைப்பாளிகளை ஸ்கில்டு, செமி ஸ்கில்டு, அன்ஸ்கில்டு என்று பிரித்து வைத்திருக்கிறது. நகக்கண் அளவு ஸ்க்ரூவை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கை நடுங்காமல் முடுக்குகிற பெண்ணின் விரலில் இருப்பது என்ன? அதற்கு 'ட்ரெய்னி' என்று பெயர். இன்னொன்றும் உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு கொண்டு வந்த விதிகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதைத் தடுத்தன. ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆடுகிறவனின் தூக்கம் பற்றி அரசுக்கு வந்த இந்தக் கவலை நல்லதுதான். அதே நேரத்தில் நைட் ஷிப்ட் லைன் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தூக்கத்தைப் பற்றி யாருக்கும் கவலை வந்ததாகத் தெரியவில்லை.

5

அப்படியானால் நமது தெரு ஆட்டங்களுக்குத் திரும்பிவிடலாமா? அங்கேயும் நாம் உருகி வழியத் தேவையில்லை. 'நூப்' என்று துரத்துகிற கேமுக்கு எதிராக, சின்னப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்ட 'ஒப்புக்குச் சப்பாணி'யைக் காட்டலாம். உண்மை, அந்தப் பிள்ளை அவுட் ஆனாலும் ஆட்டத்தை விட்டுப் போகாது. ஆனால் அந்தச் சொல்லே ஊனத்தைக் கேலி செய்கிறது. மேலும், ஊர்த் தெரு ஆட்டத்தில் சேரிப் பிள்ளை ஒப்புக்குக்கூடச் சேர்க்கப்பட்டதில்லை. ஸ்குவாடில் சேர எந்தத் தெரு என்று கேட்பதில்லை என்பதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆயினும் தெரு ஆட்டத்தில் ஒரு சொல் இருந்தது: 'போங்கு'. யாரும் கத்தலாம். கத்தினால் ஆட்டம் நிற்கும். சண்டை வரும், விதியைப் பற்றிப் பேச்சு வரும், ஒத்துப்போனால் மறுபடி ஆடுவார்கள். இல்லையென்றால் ஆட்டம் கலையும். அதாவது விதி ஆடுகிறவர்கள் கையில் இருந்தது. மொபைலில் அதற்குப் பதில் 'ரிப்போர்ட்' பட்டன், ஆலையில் ஹெச்.ஆர். அறை. இரண்டிலும் புகார் மேலே போகும், ஆட்டம் நிற்காது. இறக்குமதியான இந்தச் சொல்தொகுதியில் வெற்றிக்கும் தோல்விக்கும் எத்தனையோ சொற்கள் உண்டு. விதியைத் தட்டிக் கேட்க ஒன்றும் இல்லை.

அந்த இடத்தைச் சொல்லால் அல்லாமல் உடலால் நிரப்பியவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் மருத்துவமனைக்குப் போனபோது, கூட இருந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டு மற்ற பெண்கள் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். அதைவிட முக்கியமாகச் சங்கத்தை அங்கீகரிக்கச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது.

பப்ஜியில் 'சோலோ'வாக ஆடுகிறவன் நாக் ஆவதில்லை. அடிபட்டால் நேராகச் சாவுதான். தவழ்வதற்கும், யாராவது வந்து ரிவைவ் பண்ணுவதற்கும் ஸ்குவாட் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியைச் சோலோவாகவே வைத்திருப்பதுதான் இந்தத் தொழில் வட்டாரத்தின் விதி. இதை அந்த அறைகளில் இருக்கிற பையன்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் தினமும் ராத்திரி ஆடிப் பார்த்த பாடம் அது. சங்கம் என்றால் என்ன என்று நம் பழைய கலைச்சொற்களில் ஒரு மணி நேரம் பேசுவதை விட்டு, 'ரிவைவ்' என்கிற அவர்கள் சொல்லிலிருந்து பேச்சைத் தொடங்கிப் பார்க்கலாம். கூடவே 'போங்கு' என்பதையும் அவர்களுக்கு ஞாபகப்படுத்தலாம்.