கேளாமல் வந்து சேரும் கருவிகள்

மருதமுனையில் கைத்தறிச் சாரம் நெய்கிறவர் நூலைத் தாமே நூற்க உட்காருவதில்லை. சாயமேறிய நூல் அவர் கைக்கு வந்துவிட, அவருடைய சிரத்தை முழுவதும் நெசவிலேயே நிலைக்கிறது. ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய துணைப்பொருள்களைத் தானே உண்டாக்காமல், கன்ஸ்ட்ரக்டரில் பெயர் சொல்லிக் கேட்க, பிரேம்வொர்க் அவற்றைக் கொணர்ந்து கொடுக்கும் முறையும் அத்தகையதே. 2004 ஜனவரியில் மார்ட்டின் பவுலர் எழுதிய கட்டுரையால் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்னும் பெயர் இதற்கு நிலைத்தது.

இந்த முறையின் சௌந்தரியம் சோதிக்கப்படுவது, ஒரு கிளாஸ் இன்னொன்றிலிருந்து பிறக்கும் வம்சாவளி நுழையும் இடத்திலேதான். கல்முனைக் கடைத்தெருவின் புடவைக்கடை ஒன்றுக்கு, டைப்ஸ்கிரிப்டில் நெஸ்ட் பிரேம்வொர்க்கைக் கொண்டு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நிகழ்வுகளைப் பதியும் லொகரும் தரவுத்தள இணைப்பும் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் இருக்கின்றன. பில், இருப்பு, கடன் என்னும் சேவைகள் அதன் சேய்கள். சேய்க்குச் சொந்தக் கன்ஸ்ட்ரக்டர் இல்லாதவரை யாதொரு தொல்லையும் இல்லை. தாயின் மீது எழுதிவைத்த வகைக்குறிப்புகளைப் பரம்பரைச் சங்கிலி வழியே ஏறிச்சென்று நெஸ்ட் வாசித்துக்கொள்கிறது. ஆனால் கடன் சேவைக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்று கூடுதலாக வேண்டுமென்றால், அது தாயின் இரண்டையும் மறுபடி கேட்டு வாங்கி, சூப்பர் என்று அழைத்து மேலே கொடுத்தாக வேண்டும். நாளை தாய்க்கு மூன்றாவது துணை ஒன்று தேவைப்பட்டால், கன்ஸ்ட்ரக்டர் வைத்திருக்கும் சேய் ஒவ்வொன்றையும் திறந்து திருத்த நேரும்; தன் காரியத்துக்கு உதவாத பொருளைச் சுமக்கும் தபால்காரனாகச் சேய் ஆகிவிடுகிறது!

நெஸ்ட் இதற்கு வைத்திருக்கும் பரிகாரம் நேர்த்தியானது. தாயின் பண்புகளின் தலையிலேயே இன்ஜெக்ட் என்னும் அடையாளத்தை இட்டுவிட்டால், சேய் அறியாமலே அவை நிரம்பிவிடும். சூப்பர் அழைப்பு வெறுங்கையோடு போகும். இந்த மௌனமான உபசாரத்தில் மனம் லயிக்காத ரசிகன் இரான். எனினும் இதற்கும் விலை உண்டு: கன்ஸ்ட்ரக்டர் ஓடும் கணத்தில் அந்தப் பண்புகள் இன்னும் வெறுமையாகவே இருக்கும்; அங்கே லொகரைத் தொட்டால் பிழைதான். அன்றியும், ஒரு கிளாஸ் எவற்றை நம்பியிருக்கிறது என்பதை அதன் வாசலிலேயே படித்தறியும் சௌகரியம் போய்விடுகிறது. வம்சாவளி இல்லாத கிளாஸுக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியே நல்லதென நெஸ்டின் ஆவணமே சொல்லுகிறது. என் அபிப்பிராயம் இன்னும் ஒருபடி கடுமையானது: லொகருக்காகவும் இணைப்புக்காகவும் மட்டுமே ஒரு தாய் கிளாஸ் நிற்கிறதென்றால், அந்த உறவை அறுத்துவிட்டு, பொதுக் காரியத்தைத் தனிச் சேவையாக்கி, அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.