சைக்கிளும் திண்ணையும்

பிரயாண நூல் ஒன்று கைக்குக் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது ஆசிரியர் எத்தனை தூரம் போனார் என்பதை அல்ல. வழியில் அகப்பட்டவர்கள் அவரை என்ன கேட்டார்கள், அந்தக் கேள்விகளில் எத்தனையை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்று பார்க்கிறேன். ஊரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது பெரிய காரியமல்ல. ஊர் நம்மை எப்படிப் பார்த்தது என்று எழுதத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பிரயாண இலக்கியத்தில் சைக்கிளில் போனவர்களின் புத்தகங்களுக்குத்தான் முதல் ஸ்தானம் கிடைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் கிடைக்கவில்லை.

கிடைக்க வேண்டிய நியாயம் என்ன என்று கேட்கலாம். சைக்கிளுக்கு ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டு போகிறவனோடு ஆடு மேய்க்கிற பையன்கூடச் சமமாக நடந்துகொண்டே பேச முடியும். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971இல் வெளிவந்த 'நடந்தாய் வாழி, காவேரி' எனக்கு மிகவும் பிரியமான நூல். ஆனால் நடந்தது காவேரிதான். ஆசிரியர்கள் போனது பெரும்பாலும் காரில். எங்கே நிறுத்துவது, யாரோடு பேசுவது என்பது அவர்கள் இஷ்டம். சைக்கிள்காரன் விஷயத்தில் அதைத் தீர்மானிப்பது பஞ்சர், எதிர்க்காற்று, தாகம், இருட்டு. அவன் தேடிப் போகாத மனிதர்கள் அவனுக்கு வாய்க்கிறார்கள். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்னால், சேரப்பணஞ்சேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்தப் பக்கத்து டீக்கடை ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நான் சொல்வது விளங்கிவிடும். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை போய்த் திரும்புகிற சைக்கிள்காரர்கள், தலைக்கவசமும் உடம்போடு ஒட்டிய சட்டையுமாக வந்து இறங்குகிறார்கள். பெரிய உத்தியோகஸ்தர்கள், காரில் வந்திருந்தால் யாரும் அவர்களை ஏறிட்டுப் பார்த்துப் பேசியிருக்க மாட்டார்கள். சைக்கிளில் வந்ததால் கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

"என்னா வெல சார் இது?"

அவர் சங்கோசத்தோடு விலையைப் பாதியாகக் குறைத்துச் சொல்கிறார். அந்தப் பாதியே ஒரு மோட்டார் சைக்கிளின் விலை.

"அவ்ளோ பணம் குடுத்தும் மிதிக்கத்தான் வேணுமா சார்?"

பொழுதுபோக்குச் சைக்கிள் பிரயாணத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. அந்தப் பிரமுகர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் ஒரு நாள் பிரயாணக் கட்டுரை எழுதினால் இந்தக் கேள்வி அதில் இருக்குமா என்பதுதான் என் கவலை. சராசரி வேகம், மொத்த தூரம், இத்தனை மணிக்குப் புறப்பட்டு இத்தனை மணிக்குச் சேர்ந்தேன் என்பதெல்லாம் நிச்சயமாக இருக்கும்.

இந்தத் தூரக் கணக்கு வியாதி பழைய வியாதி. சைக்கிளில் உலகத்தைச் சுற்றியவர்களில் முதல்வரான தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் ஸான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். இப்போது நாம் ஓட்டுகிற சைக்கிள் அல்ல. முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின்சக்கரம் ஒரு தாம்பாளம் அளவுக்கும் இருக்குமே, அந்த வகை. ஆப்கானிஸ்தானத்தில் அவரை மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருவழிச் சாலையில் ஓட்டினார். சீனாவில் கல்லடியிலிருந்து தப்பி, 1886 டிசம்பரில் யோகஹாமாவில் முடித்தார். இரண்டு பெரிய வால்யூம்களாக எழுதியும் வைத்தார்.

அந்த நூலில் ஓயாமல் வருகிற ஒரு காட்சி உண்டு. துருக்கியானாலும் பாரசீகமானாலும், ஊருக்குள் நுழைந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டு, ஏறு, ஓட்டிக் காட்டு என்று பிடிவாதம் பிடிக்கிறது. அவர் களைத்திருப்பார், பசித்திருப்பார். ஓட்டிக் காட்டாமல் சோறு இல்லை. ஸ்டீவன்ஸுக்கு இது பெரிய உபத்திரவம். அலுத்துக்கொண்டே எழுதுகிறார். எனக்கோ அதைப் படிக்கும்போது நம் கிராமத்துச் சைக்கிள் வித்தைக்காரர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். கோவில் மைதானத்தில் கம்பம் நட்டு, ரேடியோ செட் கட்டி, ஒரு வாரம் இரவு பகலாகக் காலைத் தரையில் ஊன்றாமல் சுற்றிச் சுற்றி வருவார். குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. மார்பில் ட்யூப் லைட்டை உடைத்துக்கொள்வார். கடைசி நாளன்று பெரிய மனிதர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். எந்த ஊருக்கும் போய்ச் சேராத தூரப் பிரயாணம் அது. ஆனால் தம்மை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறவர்கள்தாம் தமக்குச் சோறு போடுகிறவர்கள் என்ற உண்மை அந்த மனிதருக்குத் தெரியும். இத்தனை ஆயிரம் மைல் போன ஸ்டீவன்ஸுக்குத் தெரியவில்லை. கூட்டம் அவருக்குக் கடைசிவரை கூட்டமாகவே இருந்துவிட்டது. அதிலிருந்து ஒரு முகம் பிரிந்து நம் மனசில் நிற்பது அபூர்வம்.

ஒர்க்மன் தம்பதிகளின் கதை இன்னும் மோசம். அமெரிக்கர்கள், செல்வந்தர்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் இந்தியாவில் கன்னியாகுமரி முதல் இமயமலை வரை பதினாலாயிரம் மைல் சைக்கிளில் சுற்றினார்கள். 1904இல் தடித்த புத்தகம் வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பஞ்சர்கூட ஒட்டினார்களாம். நம் வேலமுள்ளின் குணம் தெரிந்தவர்கள் இதைச் சந்தேகிக்க மாட்டார்கள். கோவில்களை ஃபானி அம்மையார் அக்கறையோடு பார்த்திருக்கிறார். சிற்பங்களைப் பற்றி எழுதும்போது அந்தப் பேனாவில் உயிர் இருக்கிறது. கோபுரத்துக்குக் கீழே நின்றவர்களைப் பற்றி எழுதும்போது அந்த உயிர் போய்விடுகிறது. வேலைக்காரன் சரியில்லை, தங்கிய விடுதி சரியில்லை என்று புகாராகவே போகிறது. நாற்பது பஞ்சர் ஒட்டிய நாளில் நாற்பது இடத்தில் இறங்கி நின்றிருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நாலு பேராவது வந்து குனிந்து பார்த்திருப்பார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், டியூபை முக்கிப் பார்க்க. அவர்கள் யாரும் புத்தகத்துக்குள் வரவில்லை.

நம்மவர்கள் மட்டும் எப்படி? 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். 1928 மார்ச்சில் அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா என்ற மூவர் திரும்பி வந்தார்கள். மொத்தம் 44,000 மைல். 1931இல் வந்த அவர்களுடைய புத்தகத்துக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார். அதில் அவருக்கு இவர்கள்மேல் பொறாமையே வந்துவிட்டது. அடிமை நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள் உலகத்துக்குத் தங்கள் காலின் வலுவைக் காட்ட ஆசைப்பட்டதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆசைக்குத் தூரக் கணக்கு அவசியம்தான். மெஸபொட்டேமியப் பாலைவனம், ஐரோப்பாவின் பனி, கிழக்காசியாவின் காடு என்று புத்தகம் மூச்சு வாங்க ஓடுகிறது. உட்காரச் சொன்ன இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

உட்காரத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. டெர்வ்லா மர்பி என்ற ஐரிஷ் பெண்மணி. பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் அட்லாஸும் பரிசாகக் கிடைத்தன. ஒரு குன்றின் மேல் மிதித்து ஏறும்போது, இந்தக் கால்கள் இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்குப் போய்விடலாமே என்று அந்தக் குழந்தை நினைத்தது. பிறகு பதினாலு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, முடக்குவாதத்தில் படுத்த தாயாருக்குப் பணிவிடை செய்வதிலேயே இளமை முழுதும் போய்விட்டது. 1962இல் தாயார் இறந்தார். 1963 ஜனவரியில், ஐரோப்பா பனியில் உறைந்து கிடந்தபோது, 31 வயதில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கியர் எல்லாம் நம் பக்கத்து ரோடுகளுக்கு ஆகாது என்று கழற்றி எறிந்துவிட்டார். சைக்கிளுக்கு 'ரோஸ்' என்று பெயர். டான் க்விக்ஸாட் ஏறிய கிழட்டுக் குதிரையின் பெயரைச் சுருக்கி வைத்தது. ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார். வழியில் சிநேகிதர்களுக்கு அனுப்பிய நாட்குறிப்புதான் 1965இல் 'ஃபுல் டில்ட்' என்ற நூலாயிற்று.

அந்த நூலைப் புகழ்கிறவர்கள் யூகோஸ்லாவியக் காட்டில் ஓநாயைச் சுட்டதைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆப்கானிஸ்தானத்தில் ஒரு பஸ்ஸில் கட்டணத் தகராறு முற்றி, துப்பாக்கிக் கட்டை ஒன்று இந்த அம்மாளின் விலாவில் பட்டு எலும்பு முறிந்தது. (சைக்கிளில் அல்ல, பஸ்ஸில்! கவனியுங்கள்.) வேறு யாராயிருந்தாலும் அந்த ஓர் அடியை வைத்து ஒரு தேசத்தையே தாக்கி ஓர் அத்தியாயம் எழுதியிருப்பார்கள். இவர் வலியைச் சொல்கிறார். அதற்குப் பிறகும் ஆப்கானியர்கள் மேல் இவருக்கு இருந்த பிரியம் ஒரு வரிகூடக் குறையவில்லை. தங்கிய இடத்தில் தாமும் ஒரு வேடிக்கைப் பொருள்தான் என்று இவர் ஒப்புக்கொண்டுவிடுகிறார். கணவன் எங்கே, குழந்தை எத்தனை, ஏன் தனியாக வந்தாய் என்று கேட்கிறவர்களுடைய குரல் இவர் எழுத்தில் எரிச்சல் இல்லாமல் வந்து விழுகிறது. டில்லியோடு கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பவும் இல்லை. தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்குச் சேவை செய்யத் தங்கிவிட்டார். 2022இல் தொண்ணூறு வயதில் இறந்தார்.

இத்தனை சொன்ன பிறகு ஒரு மனஸ்தாபத்தையும் சொல்லிவிட வேண்டும். மர்பிக்கு ரோடு வருவது பிடிக்காது. மேற்கத்திய நாகரிகம் வந்து இந்த மனிதர்களைக் கெடுத்துவிடும் என்ற பயம் அவர் புத்தகமெங்கும் இருக்கிறது. வாஸ்தவம்தான். எங்கள் பக்கத்திலும் ரோடு வந்தது. ஏரியும் நெல்லும் இருந்த இடத்தில் கார் கம்பெனியும் டயர் கம்பெனியும் வந்தன. அழகு போயிற்று என்று நானே ஒரு கதையில் எழுதியிருக்கிறேன். ஆனால் விருந்தாளிக்கு வேண்டிய அழகுக்காக வீட்டுக்காரன் ஏழையாகவே இருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கு உரிமை? திண்ணையில் படுக்க இடம் கொடுத்தவன் தன் பையனுக்கு ஒரகடத்தில் ஒரு வேலை கிடைக்குமா என்று பார்க்கிறான். அந்தக் கேள்வியை மர்பி கேட்டுக்கொண்டாரே தவிர, அதற்கு முகம் கொடுத்துப் பதில் சொல்லவில்லை.

அந்த வேலையைத் தேடி வந்தவர்களைப் பற்றித்தான் நான் கடைசியாகச் சொல்ல வேண்டும். அதே சாலையில், ஷிப்ட் மாறும் நேரத்தில், ஒடிசா, பீகார் பையன்கள் சைக்கிளில் போகிறார்கள். அந்தச் சைக்கிளுக்கு விலை என்ன என்று யாரும் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்து ரயிலும் பஸ்ஸும் நின்றபோது, தமிழ்நாட்டிலிருந்து இப்படிப்பட்டவர்கள் பலர் சைக்கிளிலேயே ஊருக்குக் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து புவனேசுவரம் சுமார் 1,200 கிலோமீட்டர். பாட்னா அதைப் போல ஒன்றே முக்கால் பங்கு. சிலரை ஆந்திர எல்லையில் மடக்கித் திருப்பினார்கள், ஸ்டீவன்ஸை ஆப்கானிஸ்தானத்தில் திருப்பியது போல. வடக்கே ஒரு பெண், பதினைந்து வயது, அடிபட்ட தகப்பனாரைக் காரியரில் வைத்து குருகிராமத்திலிருந்து தர்பங்காவுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். பத்திரிகைகள் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டன. சைக்கிள் பந்தயத்துக்கு அவளைப் பரீட்சை செய்து பார்க்கவும் அழைப்பு வந்தது. அவள் எந்த ஊரில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், எந்த ஊரில் தகப்பனாரை இறக்கிப் படுக்க வைத்தாள் என்பது தலைப்பில் வரவில்லை. மறுபடியும் அதே தூரக் கணக்கு.

நூற்று நாற்பது வருஷத்துச் சைக்கிள் பிரயாண நூல்களில் எதுவும் தொடாத விஷயம் அந்த 2020 ரோட்டில் இருந்தது. வீட்டுக்காரனுக்கு விருந்தாளி மேல் பயம். விருந்தாளிக்கு வீட்டுக்காரன் மேல் பயம். இரண்டு பேர் முகத்திலும் துணி. அப்படியும் ரோட்டோரத்தில் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றவர்கள் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் இங்கிருந்து பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டு, அடுத்த வருஷமே வேலைக்குத் திரும்பி வந்த ஒடிசாப் பையன் ஒருவனைச் சைக்கிள் கடையில் வைத்து ஒரு நாள் கேட்டேன். தமிழ் அவனுக்கு இங்கே வந்து படிந்த தமிழ். எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை. ஸ்ரீகாகுளத்துக்கு அப்பால் ஓர் ஊரில் இலையில் சோறு வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு கிழவியைத்தான் சொன்னான். இவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் தெலுங்கில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இவன் ஒடியாவில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

"என்ன கேட்டாங்கன்னு தெரியாமலே பதில் சொன்னியா?" என்றேன்.

"பேரு, ஊரு, அம்மா இருக்காங்களா, கல்யாணம் ஆச்சா. வேற என்னா அண்ணா கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, பின் சக்கரத்துக்குக் காற்று அடிக்கத் தொடங்கினான்.