‘சேமிப்பு’ என்னும் சொல்லும் இரு வாயுக்களும்: தென்காசி – குற்றாலச் சூழலில் ஹைட்ரஜன் மின்சாரம் குறித்த தமிழ்ச் சொல்லாட்சி

ஆய்வுச்சுருக்கம்

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் பெறுதல், கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைத்தல் ஆகியவை குறித்த தமிழ் எழுத்துகளில் ‘சேமிப்பு’ என்னும் ஒரே சொல் எதிரெதிரான இரு செயல்களைச் சுட்டுகிறது. நிறப்பெயர்கள் பொருளை விளக்காமல் மதிப்பை மட்டும் ஏற்றுகின்றன. தென்காசி, குற்றாலப் பகுதியின் காற்றையும் நீரையும் பாறையையும் அளவுகோலாகக் கொண்டு இச்சொல்லாட்சியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கலைச்சொல், ஹைட்ரஜன், கரியமில வாயு, தென்காசி, குற்றாலம்

முன்னுரை

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் கூறுபவள் அம்மலையில் வாழும் குறத்தி. தான் அறிந்த வளத்தை அவள் தன் சொல்லால் கூறுகிறாள். இன்று அதே மலையடிவாரத்தின் காற்று எரிசக்தி வளமாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் அவ்வளத்தைக் குறிக்கும் சொற்களுள் பல ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்புகளாக வந்தவை. அச்சொற்கள் காற்றாலைக்கு நிலம் தந்த உழவருக்கு எதை உணர்த்துகின்றன, எதை மறைக்கின்றன என்பது மொழி ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

காற்றும் பருவமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே கிழக்கு நோக்கி வீசுகிறது. மலையில் அது மழையாகி, குற்றாலத்தில் சாரலும் அருவியும் ஆகிறது, சிற்றாற்றை நிரப்புகிறது. மலையைக் கடந்து சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து மேட்டுநிலங்களை அடையும்போது அதில் ஈரம் குறைந்து வேகம் எஞ்சுகிறது. அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. குற்றாலத்தின் ‘சீசன்’ காலமே மின்சாரத்தின் அறுவடைக் காலமும் ஆகும். அறுவடை சில திங்களுக்கு உரியது. தேவையோ ஆண்டு முழுவதற்கும் உரியது.

இவ்விடைவெளியை நிரப்பும் வழிகளுள் ஒன்றாக ஹைட்ரஜன் முன்வைக்கப்படுகிறது. பருவ மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜனாக்கி வைத்து, பின்னர் அதனை மின்கலத்திலோ சுழலியிலோ பயன்படுத்தி மின்சாரத்தைத் திரும்பப் பெறலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பெற ஏறத்தாழ 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை. அதில் அடங்கும் ஆற்றல் ஏறத்தாழ 33 யூனிட். அதை மீண்டும் மின்சாரமாக்குகையில் சற்றொப்பப் பாதி இழக்கப்படும். குதிரில் இட்ட நெல்லில் மூன்றில் ஒரு பங்கே திரும்பக் கிடைப்பதற்கு இது ஒப்பாகும். ஆயினும் இது சேமிப்பே. வைத்ததில் ஒரு பகுதி எடுக்கப்படுகிறது.

ஒரு சொல், இரு செயல்

இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியச் செய்தும் ஹைட்ரஜன் பெறப்படுகிறது. அப்போது ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனுக்கும் ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. அதனைப் பிடித்து ஆழத்திலுள்ள நுண்துளைப் பாறைகளில் செலுத்தும் முறை தமிழில் ‘கார்பன் பிடிப்பு மற்றும் சேமிப்பு’ எனப்படுகிறது.

இங்குதான் சொல் இடறுகிறது. சேமிப்பு என்றதும் தமிழ்நாட்டு வாசகர் நினைப்பது பணமும் விதைநெல்லும் ஆகும்; பின்னாளில் எடுத்துப் பயன்கொள்வதற்காக வைப்பது. நிலத்தடியில் செலுத்தப்படும் கரியமில வாயுவோ மீண்டும் வெளிவரவே கூடாதது. தலைமுறைகளுக்கும் கண்காணிக்கப்பட வேண்டியது. முன்னது சொத்து, பின்னது பொறுப்பு. பொறுப்பைச் சொத்தின் பெயரால் அழைக்கும்போது, அதனை யார், எத்தனை காலம் காப்பது என்னும் கேள்வி எழாமலே போகிறது.

இப்பொறுப்பைத் தென்காசியின் பாறை ஏற்க இயலாது என்பதும் கருதத்தக்கது. இப்பகுதி சார்னோகைட், நைஸ் முதலிய கடும்பாறைகளால் ஆனது. வாயுவை ஏற்கும் துளைகளும் மேலே காப்பாக அமையும் மூடுபாறையும் காவிரிப் படுகை போன்ற படிவுப் பாறைப் பகுதிகளிலேயே தேடப்படும். எனவே இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை ‘சேமிப்பு’ என்பதற்கு ஹைட்ரஜன் பற்றிய பொருளே பொருந்தும்.

‘பிடிப்பு’ என்பதும் தனித்து நின்றால் போதாது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா சாம்பல் ஆக்கும் திட்டம் உலகின் கவனத்தைப் பெற்றது. ஆனால் அச்சாம்பல் கண்ணாடி உலையில் உருகும்போது வாயு மீண்டும் வெளியேறும். அது பயன்பாடு, நிலையான அடைப்பு அன்று.

நிறப்பெயர்கள்

காற்று மின்சாரத்தால் பெறுவது ‘பசுமை ஹைட்ரஜன்’, எரிவாயுவிலிருந்து பெற்றுக் கரியமில வாயுவைப் பிடித்து அடைப்பது ‘நீல ஹைட்ரஜன்’ எனப்படுகின்றன. பசுமை தமிழில் வெறும் நிறப்பெயர் அன்று. வளம், புதுமை, செழிப்பு ஆகியவற்றையும் அது குறிக்கும். ஆகவே மதிப்பீடு பெயரிலேயே முடிந்துவிடுகிறது. ‘நீலம்’ என்பதோ எரிவாயுவையும் உணர்த்தவில்லை, கரியமில வாயுவையும் உணர்த்தவில்லை. இந்திய அரசு 2023இல் வகுத்த தரநிலைப்படி, ஒரு கிலோவுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு வரை பசுமை ஹைட்ரஜனுக்கு இசைவு உண்டு. பசுமைக்குள்ளும் ஓர் எண் இருப்பதைப் பெயர் சொல்வதில்லை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட முன்னோடி நிலையம் மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் தருவது. எடையில் ஒரு கிலோவுக்கும் குறைவு. இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால்தான் ‘பசுமை’ என்னும் அடை அளவோடு நிற்கும்.

மறுப்பும் விடையும்

சேமித்தல் என்பதற்குப் புதைத்தல் என்னும் பொருளும் உண்டு என மறுக்கலாம். ஈழத்தில் இடுகாட்டைச் சேமக்காலை என வழங்குவது அதற்குச் சான்று. இம்மறுப்பு வலுவானதே. எனினும் வங்கிப் புத்தகத்தில் அச்சொல்லை நாள்தோறும் காணும் தமிழ்நாட்டு வாசகரிடம் அப்பழம்பொருள் எழுவதில்லை. ‘புதைப்பு’ எனலாம் என்றால், அது அச்சத்தை ஏற்றுகிறது. புகழ்ச்சியைப் போலவே அச்சமும் ஆய்வுச்சொல்லுக்கு ஆகாது. ‘நிலத்தடி அடைப்பு’ என்பது செயலை மட்டும் கூறுவதால் அதுவே ஏற்றதாகிறது.

முடிவுரை

எடுக்கப்போவதற்குச் சேமிப்பு, எடுக்கக்கூடாததற்கு அடைப்பு என வேறுபடுத்துதல் முதல் தேவை. நிறத்தை விடுத்துக் ‘காற்றுமின் ஹைட்ரஜன்’, ‘எரிவாயு ஹைட்ரஜன்’ என மூலத்தால் பெயரிடுதல் இரண்டாவது. ‘குறைகரிமம்’ என்னும்போதெல்லாம் எவ்வளவு குறைவு என்று எண்ணைத் தருதல் மூன்றாவது. இவை நிறைவேறின், மலைவளத்தைத் தன் சொல்லால் கூறிய குறத்தியைப் போல, தென்காசி மண்ணுக்குரியோர் தம் காற்றின் கணக்கைத் தாமே படித்துக் கேள்வி கேட்க இயலும்.